டிபன் கேரியரில் வந்த கல்

அந்த அக்கா முதன்முதலில் என் அறைக்கு வந்தபோது கையில் மூன்றடுக்கு டிபன் கேரியர் இருந்தது. ஆரணி பஜாரில் ஒரு நகைக்கடையின் மாடியில் எனக்குப் பத்துக்குப் பத்து அறை. ஒரு மைக்ராஸ்கோப், கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளக்கிற ஒரு ரிஃப்ராக்டோமீட்டர், ஒரு சின்னத் தராசு, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. ராசிக்கல் வாங்கியவர்கள் அது அசல்தானா என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். நான் பார்த்து எழுதிக் கொடுப்பேன். மதிய நேரம் என்பதால் யாரோ அறை மாறிச் சாப்பாடு கொண்டுவந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அவர் நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்து, கேரியரையும் தரையில் வைத்தார்.

“நீயும் கீழ உக்காரும்மா. மேல இருந்தாதான கீழ விழும். கீழயே இருந்தா எங்க போயி விழும்?”

உட்கார்ந்தேன். மேலடுக்கில் பச்சரிசி. கீழடுக்கில் பச்சரிசி. நடு அடுக்கில் தறியில் மீந்த பட்டு நூல், பறவைக்கூடு மாதிரி. அதற்குள் ஒரு குங்குமச் சிமிழ். சிமிழுக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் கல்.

“அரிசி எதுக்குங்க்கா?”

“ஆட்டோ குலுக்குது இல்ல?”

கல் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. பெரும்பகுதி தண்ணீர் போல நிறமற்று இருந்தது. ஒரு மூலையில் மட்டும் மை சொட்டியது போல நீலம். திருப்பிப் பிடித்தால் அந்த நீலம் லேசாகப் பச்சைக்குப் போகும். ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தேன். நீலக்கல்லாக இருந்தால் 1.76 காட்ட வேண்டும். இது 1.65, 1.67 என்று இரண்டு கோடு காட்டியது. தண்ணீரில் தொங்கவிட்டு எடை பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். உள்ளே ஒரு மிகச் சிறிய திரவத் துளி, அதற்குள் ஒரு காற்றுக்குமிழ்.

“இது நீலம் இல்லைங்க்கா. யூக்ளேஸ்.”

“தெரியும். வித்தவரும் அதான் சொன்னாரு. வித்தவரு சொன்னத நம்பி எப்படித் தூங்கறது? இன்னொருத்தர் வாயால கேக்கணும்னுதான் வந்தேன்.”

யூக்ளேஸ் நகைக்கான கல் இல்லை. கல் சேகரிப்பவர்கள் தேடி வாங்குவது. படிக்கும்போது படத்தில் பார்த்திருக்கிறேன். கையில் எடுத்தது அன்றுதான். ஆரணியில், பச்சரிசிக்கு நடுவில்.

நான் அதன் குணத்தைச் சொன்னேன். கத்தியால் கீற முடியாத அளவுக்குக் கடினம். ஆனால் ஒரே ஒரு திசையில் உள்ளுக்குள் ஒரு பிளவுத்தளம் உண்டு. அந்தத் திசையில் ஒரு தட்டுப் பட்டால் போதும், இரண்டாகப் பிரிந்துவிடும். பிரிந்த முகம் பட்டை தீட்டியது போல வழவழப்பாக இருக்கும். பட்டறையில் பட்டை போடும்போதே பாதிக் கல் உடைந்துபோகிற இனம்.

அக்கா இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வைத்துக் காட்டினார். “பட்டுத் துணியில ஒரு நூல் அளவுக்குக் கத்தரி போட்டுட்டு இழுத்தா, நேரா கிழிஞ்சிகினே போகும். அது மாதிரியா?”

“அதே மாதிரிதான்.”

“ஐயோ” என்றார், மூச்சுக்குள்ளேயே. பிறகு பையிலிருந்து ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து என்னிடம் நீட்டினார். “எது எதுக்கெல்லாம் பயப்படணும், வரிசையா எழுதிக் குடு.”

எனக்குப் பட்டியல் போடப் பிடிக்கும். தட்டக் கூடாது, கீழே போடக் கூடாது. சூடு காட்டக் கூடாது. சூட்டிலிருந்து குளிர்ச்சிக்கு மாற்றுவது அதைவிட மோசம். நகைக்கடையில் அதிர வைத்துக் கழுவும் மெஷினில் போடவே கூடாது. வேறு கல்லோடு சேர்த்து வைக்கக் கூடாது. மோதிரத்தில் பதிக்கக் கூடாது. கழுவ வேண்டுமானால் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, குழந்தைகளுக்கான பல்துலக்கி. வெளிச்சத்தால் ஒன்றும் ஆகாது, நிறம் மங்காது.

கடைசி வரியை அவர் விரலால் தொட்டார். “இத இன்னாத்துக்கு எழுதின? ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிவெச்சா நான் அசால்ட்டா இருந்துடுவேன். அடிச்சுடு.”

அடித்தேன்.

அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, கயிறு கட்டிய கண்ணாடி. பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற வேலை. பார்டரில் ஓடும் அன்னமோ முந்தானை மாங்காயோ, ஒவ்வொன்றையும் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். ஒரு கட்டம் தப்பினால் அந்தத் தப்பு சேலை முழுக்க வரிசையாக வரும். ஒருமுறை அன்னத்தின் கண்ணில் ஒரு கட்டம் விட்டுப்போய், எட்டுச் சேலைக்குக் குருட்டு அன்னம் ஓடியது என்று அவர் கணவர் சொல்லிச் சிரிப்பார். அக்கா சிரிக்கமாட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு டிசைனையும் நான்கு பென்டிரைவில் போட்டு வைத்தார். ஒன்று பீரோவில், ஒன்று அரிசி டிரம்மில், ஒன்று தேவிகாபுரத்தில் இருக்கிற தங்கை வீட்டில். நான்காவது எங்கே என்று அவரே சொல்லமாட்டார்.

கல் எப்படி வந்தது என்றால், அதுவும் வேலையிலிருந்துதான். ஒரு முதலாளி ‘ஊர்ல யாரும் போடாத நீலம்’ வேண்டும் என்று கேட்டார். அக்கா இன்டர்நெட்டில் நீலமாக இருக்கிற எல்லாவற்றையும் தேடிப் பார்த்தார். பூ, பூச்சி, பாட்டில், கடல். கடைசியில் கல். யூக்ளேஸின் படத்தைப் பார்த்ததும் நீள நூலான பாவுக்கு நீலமும் குறுக்கு நூலான ஊடைக்கு இளம் பச்சையும் கொடுத்து ஒரு ரெட்டைக் கலர் சேலை போட வைத்தார். சேலை நன்றாக விற்றது. அவருக்குத்தான் திருப்தியில்லை. “திருப்பினா கலர் மாறணும், அது சரியா வந்துச்சு. ஆனா அந்தப் படத்துல நீலம் மூலையில ஒளிஞ்சிகினு இருந்துதே. அத நெய்ய முடியல.” இரண்டு வருடம் கழித்து ஜெய்ப்பூர்க்காரர் ஒருவரிடம் சொல்லி வைத்து வாங்கினார். ஒரே ஒரு கல். அதற்கு மேல் வாங்கவில்லை. இன்னொன்றுக்கும் சேர்த்துப் பயப்படத் தன் உடம்பில் தெம்பு இல்லை என்றார்.

மற்றவற்றுக்கெல்லாம் பயப்படத் தெம்பு இருந்தது. சிலிண்டர் மாற்றும் நாளில் வீட்டு வாசலில்தான் நிற்பார். லிஃப்டில் ஏறமாட்டார். சாலையைக் கடக்க வேண்டுமென்றால் ஏதாவது பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடக்கும் வரை காத்திருந்து, அவர்களோடு கடப்பார். பல்லி, ஊசி, தெரியாத நம்பரிலிருந்து வரும் போன். கல்லைப் பற்றிப் பயம் வந்தால் எனக்குத்தான் போன் செய்வார்.

“ஏம்மா, இடி இடிக்குது. கல்லுக்கு ஒண்ணும் ஆகாதே?”

“ஆகாதுங்க்கா.”

“நெஜமா பாத்துதான் சொல்றியா? சும்மா என் மனசுக்காகச் சொல்றியா?”

“நெஜமாதான்.”

“அப்ப சரி. நீ எழுதிக் குடுக்கற மாதிரி சொன்னா எனக்குப் போதும்.”

அவர் என்னை நம்பியது எனக்குப் பெருமையாக இருந்தது. மறைப்பானேன். படித்து முடித்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஊரில் பாதிப் பேர் ‘பொண்ணுக்கு இன்னா தெரியும்’ என்று வேலூருக்குப் போய்க் கல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் வீட்டுக்குப் பல முறை போயிருக்கிறேன். பக்கத்து வீட்டில் ஆறு விசைத்தறி. சுவர் முழுக்க அதிரும். டம்ளரில் தண்ணீர் வைத்தால் வளையம் வளையமாக நடுங்கும். அக்கா வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு வாரம் தண்ணீர்க் கிண்ணம் வைத்துப் பார்த்து, எங்கே வளையம் குறைவு என்று கண்டுபிடித்திருந்தார். சமையலறையில், உப்பு ஜாடிக்குப் பின்னால். கல் அங்கேதான் இருந்தது.

பக்கத்து வீட்டுத் தறி உட்பட அந்தத் தெருவின் விசைத்தறிகளை ரிப்பேர் பார்க்கிறவர் அக்காவின் கணவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். பெரிய உடம்பு, பெரிய குரல், முழங்கை வரை கிரீஸ். என்னைக் கல்லு டாக்டரு என்பார்.

“வா டாக்டரு. பேஷன்டு உள்ள படுத்துகினு கீது. காலைல இருந்து பேச்சு மூச்சு இல்ல.”

“இன்னா பேச்சு இது, கல்லப் போயி” என்று அக்கா உள்ளிருந்து பதறுவார்.

“பாத்தியா, கல்லுக்குப் பஞ்சு மெத்த. எனக்குக் கோரப்பாய். நானும் ஒரு மூலையில நீலமா ஆனாதான் இந்த வூட்ல மரியாத.”

கல்லை வெளியே எடுப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார் அக்கா. மின்விசிறியை நிறுத்துவார். வாசல் கதவைத் தாழிடுவார். பாயை விரித்து, அதன் மேல் நான்காய் மடித்த போர்வை, அதன் மேல் வெள்ளைத் துண்டு. எல்லாரும் வளையலைக் கழற்ற வேண்டும். மாமா வாயில் பாக்கு இருக்கக் கூடாது, புரையேறி இருமல் வந்துவிடும். பிறகு சிமிழைத் திறந்து, கல்லைத் துண்டின் நடுவில் விட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். அவர் கல்லைத் தொட்டுப் பார்த்து ரசித்ததை நான் பார்த்ததில்லை. ஜன்னல் வெளிச்சம் மூலையில் இருக்கிற நீலத்தைக் கண்டுபிடிக்கும் வரை குனிந்து பார்ப்பார். அவ்வளவுதான். இரண்டு நிமிடம். திரும்ப மூடிய பிறகுதான் சரியாக மூச்சு விடுவார்.

மைக்ராஸ்கோப்புக்குக் கீழே எத்தனையோ பேருடைய கல்லைப் புரட்டுகிறவள் நான். இந்த வீட்டில் மட்டும் என் விரல்கள் எனக்குத் தடிமனாகத் தெரியும்.

தெருவுக்கு வேறு பயம் இருந்தது. நீலமாக ஒரு கல் அந்த வீட்டில் இருக்கிறது என்று எப்படியோ பரவிவிட்டது. நீலம் என்றால் சனீஸ்வரன் கல். ஒத்துக்கொண்டால் தூக்கிவிடும், ஒத்துக்கொள்ளாவிட்டால் குடும்பத்தையே சாய்த்துவிடும் என்பார்கள். வாங்குகிறவர்கள் மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்துச் சோதித்துத்தான் போட்டுக்கொள்வார்கள். தெருவில் பூ விற்கிற அம்மா ஒருநாள் முழம் அளந்துகொண்டே அக்காவிடம் கேட்டிருக்கிறார்.

“அத எத்தினி நாளு தலைக்கடியில வெச்சுப் பாத்த?”

“அது நீலம் இல்லம்மா. வேற கல்லு.”

“வேற கல்லுன்னா அதுக்கு ஒரு பேரு இருக்கும் இல்ல?”

“யூக்ளேஸ்.”

“அப்படி ஒரு சாமி பேரு நான் கேட்டதே இல்லியே. பாத்து இருந்துக்கோ. புருஷன் மிஷின்ல கைய வுடற ஆளு.”

அன்று சாயங்காலமே அக்கா நான் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டை லேமினேட் செய்து, காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். வாசலிலிருந்தே தெரிகிற மாதிரி. கனிமம் யூக்ளேஸ், இது நீலக்கல் அல்ல, கீழே என் கையெழுத்து. “கல்லுக்கே ஆதார் கார்டு குடுத்துட்டியே டாக்டரு” என்று மாமா என் தலையில் தட்டினார். அக்கா மட்டும் ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீலம் அல்லன்னு இருக்கிற எடத்த இன்னும் பெருசா போட்டிருக்கலாம்” என்றார்.

ஒருநாள் மதியம் மாடியிலிருந்து இறங்கி வந்தேன். கடையின் பின்கட்டில் பூந்திக்கொட்டை வேகிற வாசனை. நகை கழுவுவதற்குப் பத்தர் தினமும் கொதிக்க வைப்பார். அடுப்புக்கு முன்னால் மாமா நின்றிருந்தார், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு.

“டாக்டரு, அவகிட்ட சொல்லிடாத. கல்யாண நாளு வருது. மோதிரம்.”

பத்தரின் கையில் சிமிட்டா என்கிற சின்ன இடுக்கி. சிமிட்டாவின் நுனியில் அந்தக் கல். அதற்குக் கீழே நுரைத்துக்கொண்டிருந்த தண்ணீர்.

“பத்தரே, அப்படியே நில்லுங்க. கைய அசைக்காதீங்க.”

நான் கத்தவில்லை. எப்போதும் போலத்தான் என் குரல் இருந்தது என்று மாமா பிறகு சொன்னார். என் துப்பட்டாவை விரித்து மடித்து அவர் கைக்குக் கீழே பிடித்தேன். “இதுல விடுங்க. மெதுவா.”

“கல்லு தானம்மா? வைரத்தையே இதுலதான் போடறேன்” என்றார் பத்தர். ஆனால் விட்டார்.

மாடிக்குப் போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கீறல் இல்லை, புதுப் பிளவு இல்லை. துளி இருந்தது, குமிழ் இருந்தது. அதற்கப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தேன். மாமா சுவரில் சாய்ந்து நின்று என்னையே பார்த்தார். “போச்சா?” “இல்ல மாமா.” “ஒரு செகண்டு லேட்டா வந்திருந்தா?” நான் கல்லைப் பஞ்சில் பொதிந்து அவர் கையில் கொடுத்தேன். முதல்முறையாக அவர் ஜோக் அடிக்காமல் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் அக்கா வந்தார். மாமா எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். திட்டுவார், அழுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் தரையில் உட்கார்ந்து, வெகுநேரம் தன் முந்தானை நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“அவர நான் ஒண்ணும் கேக்கலம்மா. நீயும் கேக்காத. நேத்து ராத்திரி அந்த மனுஷன் பயந்துபோய் ஒக்காந்திருந்தாரு. பாக்கவே முடியல. பயம் என் டிபார்ட்மென்ட். அவரும் பயந்துட்டா அப்பறம் அந்த வூட்ல வெளக்கு ஏத்தறது யாரு, கதவத் தொறக்கறது யாரு?”

அந்தப் பேச்சு அப்போது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பயத்துக்கும் ஒரு வேலைப் பிரிவினை போட்டு வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் மழைக்குப் பிறகு ஊரெல்லாம் டெங்கு. மாமாவுக்குத் திங்கள்கிழமை காய்ச்சல். புதன்கிழமை எழுந்து தறிக்குப் போய், அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வியாழக்கிழமை வேலூருக்குக் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் நாற்பதாயிரம். வெள்ளி காலை பதினெட்டாயிரம். வெள்ளி சாயங்காலம் பன்னிரண்டாயிரம். ஈறில் ரத்தம் கசிகிறது என்று ஐ.சி.யு.வுக்கு மாற்றினார்கள். மாமாவின் தம்பி அங்கே தங்கினார். மாற்றுத் துணி எடுக்க அக்கா கடைசி பஸ்ஸில் ஆரணிக்கு வந்தார்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு எனக்குப் போன் செய்தார். “ஸ்கூட்டர் எடுத்துகினு ஜல்தி வாம்மா. கோயிலுக்குப் போயிட்டு அப்படியே பஸ் ஸ்டாண்டுல விட்டுடு.” ஸ்கூட்டரில் ஏறவே பயப்படுகிறவர், அன்று ஏறி உட்கார்ந்து என் இடுப்பைக்கூடப் பிடிக்கவில்லை. மடியில் துணிப்பையை இரண்டு கையாலும் அணைத்திருந்தார்.

சிவன் கோயிலில் சனிக்கிழமைக் கூட்டம். நவக்கிரகத்துக்கு முன்னால் இரும்பு விளக்குமேடையில் நூறு அகல் எரிந்துகொண்டிருந்தது. எள்ளைக் கறுப்புத் துணியில் சின்ன முடிச்சாகக் கட்டி, நல்லெண்ணெயில் ஊறவைத்து, அதையே திரியாக ஏற்றுவது சனீஸ்வரனுக்கு வழக்கம். அக்கா பையிலிருந்து தன் முடிச்சை எடுத்தார். வீட்டிலேயே கட்டி, எண்ணெயில் ஊறவைத்துக் கொண்டுவந்திருந்தார். மேடையின் ஓரத்தில் ஓர் அகலில் வைத்து ஏற்றினார். தீக்குச்சி மூன்று முறை அணைந்தது.

“ஒம்போது சுத்து சுத்திட்டு வந்துடறேன். வெளக்கு அணையாம பாத்துக்கோ. இதையும் வெச்சுக்கோ.” தன் போனை என் கையில் வைத்தார். “அடிச்சா நீயே எடு. என்னால முடியாது.”

முதல் சுற்று. இரண்டாவது சுற்று. நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களின் முடிச்சு சுண்டைக்காய் அளவு. அக்காவின் முடிச்சு நெல்லிக்காய் அளவு. மூன்றாவது சுற்றில் அவர் என்னைக் கடந்தபோது, சும்மாதான் கேட்டேன்.

“ஏங்க்கா இவ்ளோ எள்ளு?”

“நடுவுல வெக்கணும் இல்ல” என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

அவர் திரும்பி வருவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. நான்காவது சுற்றில் அவர் கூடவே இரண்டு அடி நடந்தேன்.

“அக்கா, கல்லா? கல்லையா உள்ள வெச்சீங்க?”

அவர் தலையை ஆட்டினார். சுற்றும்போது நிற்கக் கூடாது. போய்விட்டார்.

என் மூளை தன் பாட்டுக்கு வரிசை போட்டது. எரிவது வெளித்துணி. உள்ளே எள் எண்ணெயில் ஊறியிருக்கிறது, அது வற்றும்வரை கல்லுக்கு நேரடியாகத் தீ படாது. இன்னும் சில நிமிடம் இருக்கிறது. ஒரு குச்சியால் முடிச்சைத் தள்ளி எடுக்கலாம். தண்ணீர் ஊற்றவே கூடாது. கருங்கல் தரையில் வைக்கக் கூடாது, தரை சில்லென்று இருக்கும். எள்ளோடு சேர்த்து அப்படியே ஒரு மூலையில் விட்டு, தானாக ஆற வைக்க வேண்டும். மேடையின் கீழே திரி தூண்டுகிற இரும்புக் கம்பி கிடந்தது. கையில் எடுத்தேன்.

ஐந்தாவது சுற்று.

“அக்கா, அது நீலமே இல்ல. நான்தான எழுதிக் குடுத்தேன்? சனிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லக்கா.”

“உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.” கண்ணால் சனீஸ்வரன் பக்கம் காட்டினார். “அவருக்குத் தெரியுமா?”

ஆறாவது சுற்று. அவர் முகம் வியர்வையில் நனைந்திருந்தது. அவரே பேசினார், நடை குறையாமல். “சூடு காட்டினா இன்னா ஆவும்னு நீ எழுதினது எல்லாம் மனப்பாடம்மா. தெரிஞ்சேதான் வெச்சேன். ஒடைஞ்சா அது ஒடையட்டும்.”

கம்பியின் நுனி அகலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அப்போது அவருடைய போன் அடித்தது. மாமாவின் தம்பி.

“அண்ணி இல்லீங்களா? நான் கீழ போயி போன சார்ஜ் போட்டுகினு வந்தேன், அதான் லேட்டு. ஆறு மணிக்கே ரிப்போர்ட் வந்துடுச்சுங்க. ஏறியிருக்குது. இருபத்தெட்டாயிரம். கண்டத்தத் தாண்டிட்டாருன்னு டாக்டரு சொல்லிட்டாரு. சாயங்காலம் வார்டுக்கு மாத்தறாங்களாம். அண்ணன் முழிச்சிகினுதான் கீறாரு. கல்லு நல்லா கீதான்னு கேக்கச் சொல்றாரு.”

கோயில் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு ஐம்பது. விளக்கு ஏற்றி ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. ஆறு மணிக்கு வந்த ரிப்போர்ட். அக்கா எனக்குப் போன் செய்வதற்கு முன்பே, தீக்குச்சியைக் கிழிப்பதற்கு வெகுநேரம் முன்பே, மாமா பிழைத்துவிட்டிருந்தார்.

ஏழாவது சுற்றில் வந்த அக்கா என் காதில் போனைப் பார்த்தார். நின்றுவிடுவார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அவருடைய கால்கள் மட்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. நான் சத்தமாகச் சொன்னேன்: “ஏறிடுச்சுங்க்கா. இருபத்தெட்டு. மாமா நல்லா இருக்காரு.”

அவர் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தார். கிரகங்களின் மறுபக்கம் அவர் மறைந்திருந்த அந்தச் சில நொடிகளில் நான் அகலைப் பார்த்தேன். துணி கருகிச் சுருங்கியிருந்தது, எண்ணெய் இன்னும் இருந்தது. ஆறு மணி என்று நான் சொன்னால், இந்த விளக்குக்கும் மாமாவுக்கும் சம்பந்தமில்லை என்று ஆகிவிடும். அவரே கம்பியை வாங்கி முடிச்சை இழுத்துவிடக்கூடும். கல் பிழைத்துவிடும். கல்லின் தரப்பில் பேச அந்த இடத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை.

பிறகு நான் இன்னொன்றையும் நினைத்தேன். நினைக்கக் கூடாததை. இழுத்துவிட்டு, நாளைக்குக் காலையில் எண்ணிக்கை மறுபடி இறங்கினால்?

டெங்குவில் ஏறத் தொடங்கிய எண்ணிக்கை பெரும்பாலும் ஏறிக்கொண்டேதான் போகும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கையில் இருந்த கம்பி கனத்தது.

எட்டாவது சுற்று. அவர் கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. என்னைத் தாண்டும்போது, கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்டார்.

“எப்ப வந்துச்சாம் ரிப்போர்ட்டு?”

“இப்பதாங்க்கா” என்றேன். “இப்ப, அஞ்சு நிமிஷம் முன்னாடி.”

“நெஜமா?”

“நெஜமாதான்.”

அவர் கைகூப்பியபடி ஒன்பதாவது சுற்றுக்குப் போனார். நான் கம்பியைக் கீழே வைத்தேன். அவர் சுற்றை முடித்து என் பக்கத்தில் வந்து நின்றபோது, முடிச்சு நடுவில் சிவந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. நகம் வெட்டும்போது வருமே, அவ்வளவு சின்னது. நூறு விளக்கு படபடக்கிற இடத்தில் வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. “பஸ்சுக்கு நேரமாச்சு, வா” என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.